பின்னிய ஸ்க்ரப்பர் சரியாக வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கலாம்

கையால் பின்னிய பாத்திர ஸ்க்ரப்பர் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், கொஞ்சம் நூல் போதும், மறுநாள் காலையிலேயே சிங்க்கில் அது எப்படி என்று தெரிந்துவிடும். ஜப்பானில் அக்ரிலிக் நூலில் பின்னிய 'தவாஷி' பல வீடுகளில் இருக்கும். கொரியாவில் மினுக்கும் பாலியஸ்டர் நூலில் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டதை 'சுசெமி' என்கிறார்கள். அதே சொல்தான் அங்கே பீர்க்கு வகைக் கொடி ஒன்றுக்கும் பெயர். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டை நாம் தேய்க்க எடுப்பதுபோலத்தான் அவர்களும் எடுத்திருக்கிறார்கள்.

ஸ்க்ரப்பர் சரியில்லை என்றதும் பலரும் "எனக்குப் பின்னத் தெரியவில்லை" என்று ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் கைப்பழக்கம் காரணமாக இருப்பது குறைவு. எந்தப் பாத்திரத்துக்கு என்று முடிவு செய்யாமல் நூலை எடுத்ததுதான் பெரும்பாலும் காரணம். கண்ணாடித் தம்ளருக்கு நல்லதாக இருப்பது அடிப்பிடித்த கடாய்க்கு உதவாது. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நூல், கண், கனம். கண் என்று நான் சொல்வது ஊசியில் விழும் ஒவ்வொரு வளையத்தையும்; கனம் என்பது பின்னலின் தடிமனை. மூன்றில் எது தவறு என்று தெரிந்த பிறகு பிரித்தால் போதும்.

முதலில் கையில் இருப்பது என்ன நூல் என்று தெரியவேண்டும். நம் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் ஆட்டு ரோமம் துளியும் இருக்காது. சந்தேகம் இருந்தால் விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து மெல்லிய சாம்பலாகும். உண்மையான கம்பளி முடி கருகும் வாசனை தரும். அக்ரிலிக், பாலியஸ்டர், நைலான் மூன்றும் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கம்பளியாக இருந்தால் அதை ஸ்வெட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூடான சோப்புத் தண்ணீரில் தேய்க்கத் தேய்க்க அது இறுகி மொத்தையாகிவிடும்.

"வழுக்கிக்கொண்டு போகிறது, கறை அப்படியே நிற்கிறது"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். நான்கு காரணங்கள் இருக்கலாம்.

ஸ்க்ரப்பரை உள்ளங்கையில் வைத்து, விரலால் மேலே தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படாமல் துணிபோல வழவழவென்று இருந்தால், தவறு கண்ணில். ஊசிப் பின்னலின் அடிப்படைக் கண்கள் இரண்டு: நிட், அதன் மறுபக்கமான பர்ல். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றிப் பின்னினால் முன்பக்கம் பனியன் துணிபோல மழமழப்பாக வரும். அது உடுத்தத்தான் நல்லது. தேய்க்க மேடு வேண்டும். எல்லா வரிசையும் நிட் மட்டுமே பின்னினால், இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பாக மேடு எழும்; இதைக் கார்ட்டர் என்பார்கள். இன்னும் சொரசொரப்பாக வேண்டுமென்றால் ஒரு நிட் ஒரு பர்ல் என்று போய், அடுத்த வரிசையில் நிட் மேல் பர்லும் பர்ல் மேல் நிட்டும் விழும்படி பின்னுங்கள். அரிசி தூவியதுபோல் சின்னச் சின்ன முடிச்சு நிற்கும். என் கணக்கில் கடாய்க்குக் கார்ட்டர், தட்டுக்கு அரிசி முடிச்சு.

வரப்பு இருந்தும் வழுக்குகிறதா? தேய்க்கும் திசையைப் பாருங்கள். வரப்பின் நீளவாக்கில் தேய்த்தால் மேடுகள் கறையோடு சேர்ந்தே ஓடும். குறுக்காகத் தேய்த்தால்தான் ஒவ்வொரு மேடும் கறையைச் சுரண்டும். தொங்கவிடும் வளையத்தை எந்த மூலையில் வைக்கிறோம் என்பதுகூட இதில் உதவும். வளையத்தைப் பிடித்ததும் கை தானாகக் குறுக்கே தேய்க்கும்படி அதை வைத்துவிடுவேன்.

மூன்றாவது, கண் தளர்வு. நூல் பந்தின் உறையில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால், அது சால்வையும் ஸ்வெட்டரும் பின்னச் சொல்லும் அளவு. ஸ்க்ரப்பருக்கு 3.5 அல்லது 3.25 மி.மீ. எடுங்கள். கண்கள் நெருங்கி நின்றால் அழுத்தும்போது மடங்காமல் தாங்கும். கைக்குக் கஷ்டமாக இருந்தால் ஊசியை மாற்றாமல் நூலை இரட்டையாகப் பிடித்துப் பின்னலாம்.

நான்காவது, நூலே மென்மை. தனிப் பருத்தி நூல் துடைக்கும், ஒற்றி எடுக்கும், சுரண்டாது. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டை நாடாவாக வெட்டிப் பின்னுவதும் அப்படித்தான். மேடை துடைக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது, ஆனால் ஒட்டிய பால் ஆடையை அது அசைக்காது. அந்த வேலைக்கு நெட் துணி இருக்கிறது. பட்டுப்பாவாடைக்கு அடியில் விறைப்பாக நிற்க வைத்துத் தைப்பார்களே, கேன்கேன், அதை 3 செ.மீ. அகல நாடாவாக வெட்டி, 6 அல்லது 7 மி.மீ. குரோஷா ஊசியால் போடுங்கள். வெட்டிய ஓரமெல்லாம் வெளியே துருத்தி நின்று நன்றாகச் சுரண்டும். பருத்தி நூலோடு நெட் நாடாவையும் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் நுரையும் வரும், உரசலும் வரும். என் சமையலறையில் தினமும் கைக்கு வருவது இந்தக் கலவைதான்.

அப்புறம் ஒன்று. கறை குழாயடி உப்புக்கறையாக இருந்தால் எந்தப் பின்னலையும் குறை சொல்லவேண்டாம். அது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. புளியோ எலுமிச்சையோ வினிகரோ தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் கரைந்து இளகும். அதற்குப் பிறகு எந்த ஸ்க்ரப்பரும் எடுத்துவிடும்.

"பாத்திரத்தில் கீறல் விழுகிறது"

இதில் அவசரப்பட்டு நூலைக் குற்றம் சொல்லக்கூடாது. ஒரு பொருளைக் கீற, கீறுவது அதைவிடக் கடினமாக இருக்கவேண்டும். பருத்தி, அக்ரிலிக், பாலியஸ்டர், நைலான் எதுவும் எவர்சில்வரையோ கண்ணாடியையோ கீறும் அளவுக்குக் கடினமில்லை. அப்படியானால் கீறியது எது?

ஸ்க்ரப்பரை ஒரு வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் பலமாக அலசி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் மணல் மணலாகத் தங்கினால் விடை கிடைத்துவிட்டது. தரையில் விழுந்து ஒட்டிய மண்ணாக இருக்கலாம், தேய்க்கும் பவுடராகவும் இருக்கலாம். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம், கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவில் 7; சாதாரணக் கண்ணாடி 5.5 வாக்கில்தான். நெருக்கமான பின்னலின் கண்களில் இந்தத் துகள் தங்கிவிட்டால், உப்புக் காகிதத்தால் தேய்ப்பதற்குச் சமம். பவுடர் போட்டுத் தேய்ப்பதற்கு ஒன்று, லிக்விடுக்கு ஒன்று என்று இரண்டு நிறத்தில் பின்னிவைத்தால் இந்தப் பிரச்சினை பாதிக்குமேல் தீரும்.

துகள் இல்லை, ஆனால் கீறல் உண்டு என்றால், நூலில் உலோகம் இருக்கிறதா பாருங்கள். பளபளப்புக்காக ஜரிகை சேர்ப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் ஜரிகை மெல்லிய பாலியஸ்டர் பட்டைதான். அசல் ஜரிகையிலும் செம்பு ஜரிகையிலும் தட்டையாக்கிய உலோகக் கம்பி நூலைச் சுற்றியிருக்கும். அது அடுக்களைக்கு வேண்டாம். இன்னொன்று, நூல் முனையைத் தீயில் காட்டிப் பொசுக்கியிருப்பீர்கள். பிரியாமல் இருக்கும் என்று அப்படிச் செய்வது வழக்கம். அந்த உருகிய மணி கெட்டியானது, சில நேரம் முனை கூராகவும் இருக்கும். எவர்சில்வரைத் தாண்டி நான்ஸ்டிக் பூச்சுக்கு வந்தால் அது போதும் கோடு போட. பொசுக்காதீர்கள், முனையை உள்ளே கோர்ப்பது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நான்ஸ்டிக்குக்கு நான் பருத்தியும் மெத்தென்ற அக்ரிலிக்கும் தவிர வேறு எதையும் கொடுப்பதில்லை. பூண்டு, ஆரஞ்சு வரும் பிளாஸ்டிக் வலைப்பையை வெட்டிப் பின்னியதை அதன் பக்கமே கொண்டுபோகவேண்டாம். அந்த வலையின் வெட்டுமுனைகள் விரலையே கிழிக்கும். சிங்க் தேய்க்க அது அருமை.

"இரண்டே நாளில் நாற்றம்"

காலையில் தேய்த்து வைத்தது இரவில் எடுக்கும்போது இன்னும் ஈரமாக இருந்தால், நாற்றத்துக்கு வேறு காரணம் தேடவேண்டாம். ஈரமும் சோற்றுத் துணுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமி பெருகும்.

நூலுக்கு நூல் ஈரம் பிடிக்கும் தன்மை மாறும். சாதாரணக் காற்றில் சும்மா இருக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். சணல் 13 சதவீதத்தைத் தாண்டும். நைலான் 4 சதவீதம் வாக்கில், அக்ரிலிக் 1.5 வாக்கில், பாலியஸ்டர் 0.4 மட்டும். அதனால் பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உதறினாலே பாதி காய்ந்துவிடும். பருத்தி பிழிந்தாலும் உள்ளே வைத்திருக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருத்தி ஸ்க்ரப்பர் காயும் என்று நான் நம்பியதே இல்லை. அந்த இரண்டு மாதமும் பாலியஸ்டருக்கு மாறிவிடுவேன்.

ஆனால் நூலைவிடப் பெரிய காரணம் கனம். இரண்டு பக்கமும் பின்னி, நடுவில் பழைய ஸ்பாஞ்ச் வைத்து நாலு ஓரமும் மூடித் தைத்த ஸ்க்ரப்பர் பார்க்க அழகு. அதன் நடுப்பகுதி ஒருநாளும் காயாது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கும். தீர்வு எளிது: ஒரு ஓரத்தைத் திறந்தே விட்டு, பைபோல ஆக்கிவிடுங்கள். விரல் நுழைத்துத் தேய்க்கலாம், முடிந்ததும் உள்பக்கம் வெளியாகத் திருப்பிப் போடலாம், ஸ்பாஞ்சைத் தனியே காயவைக்கலாம். புதிதாகப் பின்னுவதாக இருந்தால் ஒற்றை அடுக்கு போதும். கை அகலத்துக்கு, 11 அல்லது 12 செ.மீ. சதுரம். அதற்குமேல் பெரிதானால் தம்ளருக்குள் போகாது, மடித்துப் பிடித்தால் மறுபடி கனம் கூடும்.

ஒரு மூலையில் வளையம் வைத்துத் தொங்கவிடுங்கள். சிங்க் ஓரத்துச் சோப்புப் பெட்டியில் படுக்கவைத்தால் நல்ல வடிவமைப்பும் வீண்.

"வெந்நீரில் போட்டேன், துவண்டுவிட்டது"

நாற்றம் போகட்டும் என்று கொதிநீரில் போடுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான். பருத்திக்கு அது சரி. பத்து நிமிடம் கொதிக்கலாம். அக்ரிலிக்குக்குக் கூடாது. அக்ரிலிக் நூலின் புசுபுசுப்பும் துள்ளலும் இழைகளில் ஏற்றிய சுருளால் வருபவை. கொதிநீரில் இழை இளகிச் சுருள் நிமிர்ந்துவிட்டால் பழைய நிலை திரும்பாது. அதைக் காப்பாற்ற வழியில்லை. கண்ணாடி, சுவிட்ச்போர்டு தூசி துடைக்க ஒதுக்கிவிடுங்கள். இனி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் போட்டால் போதும்.

சூடான தோசைக்கல்லும் இதே கதைதான், இன்னும் மோசமாக. தோசை ஊற்றும் கல் 200 டிகிரியை எளிதாகத் தொடும். வலைப்பை பாலிப்ரொப்பிலீனாக இருந்தால் 160 டிகிரி வாக்கிலேயே உருகிக் கல்லில் ஒட்டும். சூட்டில் தேய்க்கவேண்டிய இரும்புக் கல்லுக்குத் தேங்காய் நார்தான். மெல்லிய கயிறை 10 மி.மீ. குரோஷா ஊசியால் போட முடியும். விரல் வலிக்கும், மெதுவாகப் போடுங்கள். நாரில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் நிறைய இருப்பதால் சணலைப்போல் சீக்கிரம் மக்காது.

"சதுரமாகப் பின்னினேன், சதுரமாக நிற்கவில்லை"

ஓரம் சுருண்டால்: முன்பக்கம் முழுக்க நிட்டும் பின்பக்கம் முழுக்க பர்லும் இருக்கும் பின்னலில் இரண்டு பக்கத்து இழுவையும் ஒன்றாக இருக்காது. அது சுருளத்தான் செய்யும், இஸ்திரி போட்டாலும் நிற்காது. மேலே சொன்ன கார்ட்டருக்கோ அரிசி முடிச்சுக்கோ மாறுங்கள். பிரிக்க மனமில்லையென்றால் சுருள விட்டு, நீளவாக்கில் குழாயாகத் தைத்துவிடுங்கள். பாட்டில் கழுத்துக்கு உதவும்.

ஒருபக்கமாகச் சாய்ந்தால்: துவைத்த பனியனின் பக்கத் தையல் முன்னால் திரும்பி வருமே, அதே காரணம். ஒற்றை இழையில் ஏற்றிய முறுக்கு, ஈரம் பட்டதும் அவிழப் பார்க்கிறது. இரண்டு அல்லது நான்கு இழை சேர்த்து எதிர்முறுக்கு கொடுத்த நூலுக்கு மாறினால் நின்றுவிடும்.

வட்டக் குரோஷா கிண்ணமாகக் குழிந்தால் சுற்றுக்குச் சேர்க்கும் கண் போதவில்லை. அப்பள ஓரம்போல் அலை அலையாக வந்தால் அதிகம். சிங்கிள் குரோஷாவுக்கு (குட்டைக் கண்) 6 கண்ணில் தொடங்கிச் சுற்றுக்கு 6, டபுளுக்கு (உயரக் கண்) 12-இல் தொடங்கி 12 என்று கூட்டினால் தட்டையாக வரும். நீங்கள் பார்த்துப் பின்னும் முறை பிரிட்டிஷ் பெயரில் எழுதியதாக இருந்தால் கவனம்: அமெரிக்கர் சிங்கிள் என்பதை அவர்கள் டபுள் என்பார்கள். கணக்கு சரியாக இருந்தும் வட்டம் கெடுவதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

தொங்கத் தொங்க நீண்டுகொண்டே போனால்: கார்ட்டர் வரப்புக்குக் குறுக்குவாக்கில் இழுபடும், ஈரத்தின் எடை வேறு. வளையத்தை வரப்பின் நீளம் தொங்கும் திசையில் வரும்படி மாற்றுங்கள். சுற்றிலும் ஒரு வரிசை சிங்கிள் குரோஷா ஓரம் கட்டினால் இன்னும் உறுதி.

"முனை வெளியே வந்து பிரிகிறது"

பாலியஸ்டரும் நைலானும் வழுக்கும், முடிச்சு மட்டும் நிற்காது. முடிக்கும்போது 15 செ.மீ. வால் விடுங்கள். மொட்டை ஊசியில் கோர்த்து, வரிசையோடு ஒரு திசை, திரும்பி எதிர்த்திசை, பிறகு மேலிருந்து கீழ் என்று மூன்று முறை ஓட்டுங்கள். முடிந்தால் ஊசி நூலின் இழைகளுக்கு நடுவே புகுந்து வரட்டும். அதுதான் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

முனையில் இல்லாமல் நடுவில் ஒரு கண் அறுந்திருந்தால் உடனே கவனியுங்கள். ஊசிப் பின்னலில் அறுந்த கண்ணிலிருந்து ஏணிபோல் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே வரும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே மூடியிருப்பதால் கிழிசல் மெதுவாகத்தான் பரவும். கத்தி, துருவி, மிக்ஸி பிளேடு கழுவ எடுப்பதைக் குரோஷாவிலேயே போடச் சொல்வேன்.

ப்ளீச்சில் ஊறவைக்கும் பழக்கம் இருந்து, நைலான் பட் பட்டென்று அறுந்தால் காரணம் ப்ளீச். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் பட்டாலும் நைலான் கெடும்.

"மாவும் பருக்கையும் மாட்டிக்கொள்கிறது"

சப்பாத்தி மாவு பிசைந்த தட்டை நேரே ஸ்க்ரப்பரால் தொட்டால் எந்தப் பின்னலும் தப்பாது. சூடான தண்ணீர் வேண்டாம். மாவு இன்னும் பசையாகும். பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, கையால் வழித்துவிட்டுப் பிறகு தேயுங்கள். மாட்டிக்கொண்டதைக் காயவிட்டு உதறினால் பாதி உதிரும்.

வடிவமைப்பில் செய்யக்கூடியது: நீள நீள முடி தொங்கும் நூலைத் தவிர்க்கலாம், கண்ணைக் கொஞ்சம் திறந்துவிடலாம். முதல் புகாரில் கண்ணை நெருக்கச் சொன்னதற்கு இது எதிர்தான். சாதமும் மாவும் அதிகம் புழங்கும் வீட்டில் திறந்த வலைப்பின்னலில் விறைப்பான நெட் நாடா. எண்ணெய்க் கடாய்க்கு நெருக்கப் பின்னல். இரண்டையும் ஒன்றில் அடக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

"நாளாக நாளாக விறைத்து, வெள்ளை பூக்கிறது"

போர் தண்ணீர் வீடுகளில் வரும் குறை. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் சோப்பும் சேர்ந்து கரையாத படிவாக நூலில் ஒட்டுகிறது. அரை லிட்டர் தண்ணீரில் அரை தம்ளர் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள், இளகிவிடும். பார் சோப்பை விட்டு லிக்விடுக்கு மாறினால் படிவு குறையும்.

"ஸ்டீல் நாரிலிருந்து கம்பித் துணுக்கு வருகிறது"

கடையில் வாங்கும் ஸ்டீல் நாரில் சில வகை உண்மையிலேயே பின்னல்தான். தட்டையான மெல்லிய கம்பியை வட்ட மெஷினில் குழாயாகப் பின்னி, சுருட்டிக் கட்டியிருப்பார்கள். கட்டைப் பிரித்தால் நீளமான காலுறைபோல் விரியும். மடங்கி மடங்கிக் கம்பி சோர்ந்து ஒடிகிறது. இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதல் துணுக்கு கண்ணில் பட்ட அன்றே அடுக்களையிலிருந்து வெளியேற்றுங்கள், தேய்ப்பது உணவுப் பாத்திரம்.

"சிங்க் வடிகட்டியில் நூல் பஞ்சு சேருகிறது"

புதிய ஸ்க்ரப்பர் என்றால் முதல் இரண்டு மூன்று அலசலில் தளர்ந்த இழை வருவது இயல்பு. அதற்குப் பிறகும் வந்தால் நூல் தேய்கிறது. பருத்தியானால் மக்கிவிடும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் மக்காது, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழையாகச் சாக்கடைக்குப் போகும். இது எனக்கு உறுத்தலான விஷயம். அதனால் பாலியஸ்டரை மழைமாதத்துக்கும் கடாய்க்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைப் பெரும்பாலும் பருத்தியில் பின்னுகிறேன். முறுக்கு இறுகிய நூலில் இழை குறைவாகவே உதிரும். வாங்கும்போது ஒரு முனையை விரலிடுக்கில் வைத்து இருபது முறை உருட்டிப் பாருங்கள். விரலில் பஞ்சு ஒட்டினால் அந்த நூலை விட்டுவிட்டு அடுத்த பந்தை எடுங்கள்.